பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன, வெட்டக் காட்சிகள்தான் இல்லை: எடிட்டர்களுக்கான இணைய வளங்கள், ஓர் ஒப்பீடு

படத்தொகுப்புக் கற்றுக்கொள்ள இணையத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பதில் எளிது: எல்லாம் கிடைக்கும். மென்பொருள் இலவசம், பாடம் இலவசம், இசை இலவசம், பெயர்பெற்ற எடிட்டர்களின் நேர்காணல்களும் இலவசம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வேலையோ படிப்போ முடிந்து மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் மிச்சமிருப்பவர், அந்த நேரத்தை எதில் போடுவது? கொஞ்சம் பணமும் செலவிட முடியும் என்றால் அதை எதற்குக் கொடுப்பது?

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பாடங்களுக்குப் பஞ்சமே கிடையாது. வெட்டிப் பழகத் தகுந்த மூலக் காட்சிகளுக்கும், வெட்டியதைப் பார்த்து நேர்மையாகக் குறை சொல்லும் ஆளுக்கும்தான் பஞ்சம். ஆகவே நேரமும் பணமும் முதலில் அந்த இரண்டுக்கும் போகட்டும். மற்றவை தேவைப்படும்போது கைநீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியவை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

யூடியூப் பாடமா, நிறுவனத்தின் கையேடா?

யூடியூப் பாடங்களை ஏளனமாகப் பேசுவது தொழில்முறை எடிட்டர்களிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அது நியாயமில்லை. குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு விடை தேடுகிறவருக்கு அவற்றைவிட விரைவான வழி கிடையாது. கைபேசியில் எடுத்த காட்சியை டைம்லைனில், அதாவது ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டையில், போட்டதும், போகப்போக ஒலி உதட்டசைவைவிட்டு நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைபேசிகள் பெரும்பாலும் மாறும் பிரேம் விகிதத்தில் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) பதிவு செய்கின்றன. எடிட்டிங் மென்பொருளோ நிலையான விகிதத்தையே விரும்புகிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் விகிதம் மாறுகிறதா, நிலையாக இருக்கிறதா என்று காட்டிவிடும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான விகிதத்துக்கு மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் நோய் தீர்ந்துவிடும். இதைச் சில நிமிட வீடியோ ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். என்ன கோளாறு என்றே தெரியாதவர் கையேட்டில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்?

கேள்வியே இல்லாமல் அங்கே போகிறவரின் கதைதான் வேறு. பார்வை எண்ணிக்கையை நம்பி நடக்கும் இடத்தில், கண்ணைப் பறிப்பவைதான் முன்னால் வந்து நிற்கும்: சுழன்று மாறும் டிரான்சிஷன், துள்ளும் எழுத்து, ஒரே சொடுக்கில் சினிமா நிறம். எடிட்டரின் நாளில் பெரும்பகுதி இவற்றில் கழிவதில்லை. ஒரே வசனத்துக்கு ஏழு டேக் இருக்கின்றன. நான்காவதில் நடிப்பு அருமை, ஆனால் கேமரா சற்று ஆடிவிட்டது. ஆறாவதில் எல்லாம் கச்சிதம், முகத்தில் மட்டும் உயிரில்லை. எதை எடுப்பது, ஆட்டத்தை எந்த எதிர்வினை ஷாட்டால் மறைப்பது, வசனத்தின் பின்பாதியை மற்றவர் முகத்தின்மீது ஓட விடலாமா? இதைக் காட்ட ஏழு டேக்கும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அப்படிப்பட்ட வீடியோவுக்குப் பார்வையாளர்கள் குறைவு. எனவே எடுப்பவர்களும் குறைவு.

இன்னொன்று, மென்பொருள் பதிப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூன்று ஆண்டுக்கு முந்தைய பாடத்தில் சுட்டிக்காட்டப்படும் மெனு இன்று அந்த இடத்தில் இருக்காது. பாடத்தைத் திறக்கும் முன் அது வெளியான தேதியையும் பதிப்பு எண்ணையும் பார்த்துவிடுவது நல்லது.

இதற்கு எதிர்த் தட்டில் நிற்பவை நிறுவனங்களின் அதிகாரபூர்வப் பயிற்சி நூல்கள். இதில் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்துக்கு என் ஓட்டு. அதன் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே அல்ட்ரா எச்டி தரம் வரை வேலைக்கு ஆகும். அதற்கான பயிற்சி நூல்களையும், அவற்றில் வரும் பாடங்களுக்கான காட்சிக் கோப்புகளையும் அந்த நிறுவனம் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தொடக்க நிலைக்கு ஒன்று, எடிட்டிங்குக்கு ஒன்று, நிறத்திருத்தத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று எனப் பிரித்து எழுதப்பட்டவை. காட்சியை இறக்கிக்கொண்டு, நூல் சொல்லச் சொல்ல அதே காட்சியில் நாமும் செய்து பார்க்கலாம். முழுக் கையேடு தனி. அது மூவாயிரம் பக்கங்களைத் தாண்டும். அதை யாரும் முதலிலிருந்து படிக்க வேண்டாம், அது தேடிப் பார்ப்பதற்கு. ஃபைனல் கட் ப்ரோவுக்கு ஆப்பிள் தரும் பயனர் வழிகாட்டியும், பிரீமியருக்கு அடோபி தரும் உதவிப் பக்கங்களும் தெளிவானவை; ஆனால் அவை பாடநூல் போல அடுக்கப்பட்டவை அல்ல. அவிட் மீடியா கம்போசருக்கான முறையான படிப்புகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. பெரிய படங்களும் தொடர்களும் வெட்டப்படும் அறைகளில் உதவி எடிட்டராகப் போக நினைப்பவருக்கு அந்தச் செலவு வீண் அல்ல. 1989-இல் வந்த அந்த மென்பொருளுக்கு அங்கே இன்னும் வலுவான இடம் இருக்கிறது.

அதிகாரபூர்வப் பாடங்களின் குறை என்ன? அவை கருவியைக் கற்றுத்தருகின்றன, கலையை அல்ல. பயிற்சிக் காட்சிகளும் ஏற்கெனவே பொறுக்கி, துடைத்து வைக்கப்பட்டவை; தவறான டேக், பாதியில் நின்ற வசனம், ஒலி கெட்ட ஷாட் எதுவும் அதில் இருக்காது. போதாததற்கு, ஒவ்வொரு நிறுவனமும் தன் புதிய வசதியைத்தான் முன்னிறுத்தும். ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும் என்றால் நான் கையேட்டின் பக்கம். வரிசை இருக்கிறது, பிழை குறைவு, முடியும் இடமும் தெரியும். யூடியூபுக்கு முடிவே கிடையாது. கையேட்டிலும் முதலில் ட்ரிம் (ஷாட்டின் முனைகளைக் கூட்டிக் குறைப்பது) பற்றிய அத்தியாயத்தையும் விசைப்பலகைக் குறுக்குவழிகளையும் முடித்துவிடுங்கள். ஜே, கே, எல் ஆகிய மூன்று விசைகளால் பின்னோக்கி ஓட்டுவது, நிறுத்துவது, முன்னோக்கி ஓட்டுவது என்ற ஏற்பாடு மேலே சொன்ன நான்கு மென்பொருள்களிலும் ஒன்றுதான். விரல்களில் அது ஊறிவிட்டால் கண் படத்தைவிட்டு நகர வேண்டியதில்லை.

கட்டணப் படிப்புகளும் சான்றிதழ்களும்

கட்டணப் படிப்புகளில் இரண்டு வகை. ஒன்று, மாதச் சந்தாவில் ஆயிரக்கணக்கான பாடங்களைத் திறந்துவிடும் நூலகங்கள். 1995-இல் லிண்டா என்ற பெயரில் தொடங்கி, 2015-இல் லிங்க்ட்இன் வாங்கிய தளம் இதற்கு நல்ல உதாரணம். ஒழுங்கு, தெளிவான பேச்சு, தரமான ஒலி எல்லாம் இருக்கும். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் அதிகாரபூர்வ நூலிலிருந்து பெரிதாக என்ன வேறுபாடு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது வகை, மென்பொருளை விட்டுவிட்டுத் தொகுப்புக் கலையை மட்டும் எடுத்துக்கொள்பவை. ஆவணப்படத் தொகுப்புக்கென்றே நடத்தப்படும் இன்சைட் தி எடிட் போன்றவை இந்த வகை. பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. ஒரு நேர்காணலை எங்கே உடைப்பது, இசை எங்கே நுழைய வேண்டும், ஒரு பகுதி ஏன் இழுவையாகிறது என்று பேசுகின்றன.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. வெட்டுவதற்கு மூலக் காட்சி தருவார்களா? நான் வெட்டியதை யாராவது பார்த்துக் கருத்துச் சொல்வார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது இலவச வீடியோவின் அலங்கரித்த வடிவம்தான். ஒன்றுக்கு ஆம் என்றால் யோசிக்கலாம். இரண்டுக்கும் ஆம் என்றால் விலையைப் பார்த்துவிட்டுச் சேரலாம்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். ரிசால்வ் நூல்களை முடித்தவர்கள் இணையத்திலேயே தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். படித்தோமா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ள அது உதவும். ஆனால் வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது, வெட்டியதைக் காட்டுங்கள் என்பதுதான்.

பெரியவர்கள் பேசுவதைக் கேட்பது

இந்த வகையில்தான் இணையம் பழைய தலைமுறைக்குக் கிடைக்காத செல்வத்தைத் தந்திருக்கிறது. ஸ்டீவ் ஹல்ஃபிஷ் நடத்திவரும் ஆர்ட் ஆஃப் தி கட் நேர்காணல்களில், அண்மைப் படங்களை வெட்டியவர்களே வந்து ஒரு காட்சி எத்தனை வடிவம் எடுத்தது, எது ஏன் வெளியே போனது என்று விவரிக்கிறார்கள். 1950-இல் தொடங்கிய அமெரிக்கன் சினிமா எடிட்டர்ஸ் அமைப்பின் இதழும் இதே வழியில் பயன்படும். காட்சிகளைக் கூறுபோட்டு விளக்கும் வீடியோ கட்டுரைகளும் ஏராளம். டோனி ஜோ, டெய்லர் ராமோஸ் இருவரும் எவ்ரி ஃப்ரேம் எ பெயின்டிங் என்ற பெயரில் செய்தவை இன்றும் பார்க்கத் தகுந்தவை.

ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டு) நல்லதா என்று எடைபோட ஆறு அளவுகோல்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையாளரின் கண் நிற்கும் இடத்துக்கு 7, திரைத் தளத்தின் இலக்கணத்துக்கு (யார் எந்தத் திசையைப் பார்க்கிறார் என்பது போன்றவை) 5, காட்சியின் முப்பரிமாண இடத்தொடர்ச்சிக்கு 4. எதையாவது இழந்தே ஆகவேண்டும் என்றால் கீழிருந்து இழக்கத் தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். தொடக்கப் பாடங்கள் பலவற்றையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி நான்கு விழுக்காட்டுக்காகத்தான், அதாவது ஆள் நின்ற இடம், கை இருந்த இடம் போன்றவற்றுக்காகத்தான் பாதி நேரம் போகிறது. முன்பு சொன்ன ஏழு டேக் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது: கேமரா ஆடினாலும் நான்காவது டேக்தான்.

ஆனால் இந்த வளத்தில் ஓர் ஆபத்து உண்டு. நல்ல வீடியோ கட்டுரை ஒன்றைப் பார்த்து முடித்ததும் நாமே வேலை செய்து முடித்த நிறைவு வந்துவிடுகிறது. ரசனை வளர்ந்திருக்கும், கை வளர்ந்திருக்காது. நேர்காணல்களைப் பயணத்தின்போதோ வீட்டு வேலையின்போதோ கேட்கலாம். வெட்டுவதற்கென ஒதுக்கிய மாலை நேரத்தை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

வெட்டிப் பழக எது கிடைக்கும்?

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். பழகுவதற்கு என்று பலரும் முதலில் செய்வது, பிடித்த படம் ஒன்றை எடுத்து டிரெய்லராக வெட்டிப் பார்ப்பது. பதிப்புரிமைச் சிக்கலை விட்டுவிடுவோம். அதில் கற்கக் கிடைப்பதே குறைவு. அந்தப் படத்தின் எடிட்டர் நூற்றுக்கணக்கான மணி நேரக் காட்சியிலிருந்து தேர்ந்தெடுத்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். நம் கைக்கு வருவது அவர் தேர்வு மட்டுமே. எதை விடுவது என்ற முடிவுதான் தொழிலின் பாதி. அது நமக்கு வாய்ப்பதில்லை. இசை ஏற்கெனவே வசனத்தோடு கலந்திருப்பதால் ஒலியிலும் கைவைக்க முடியாது.

பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே போன்ற இலவசக் காட்சித் தளங்களும் அடுத்து நினைவுக்கு வரும். அழகான ஷாட்கள் உண்டு. காட்சி என்று எதுவும் இல்லை. ஒருவர் ஜன்னல் வழியே பார்க்கிறார், அடுத்த கிளிப்பில் வேறொருவர் வேறு கண்டத்தில் ஓடுகிறார். வசனம் இல்லை, மாற்று டேக் இல்லை, ஒத்திசைக்க வேண்டிய ஒலியும் இல்லை. பாட்டுக்கு ஏற்ப ஷாட்களை அடுக்கிப் பழகலாம். விளம்பரம், நிறுவன வீடியோ செய்ய விரும்புபவருக்கு அது போதவும் கூடும். இருவர் பேசிக்கொள்ளும் காட்சியை வெட்ட இவற்றால் கற்க முடியாது.

பயிற்சிக்கென்றே மூலக் காட்சிகளை விற்கும் எடிட்ஸ்டாக் போன்ற சேவைகள் இந்தப் பள்ளத்தைத்தான் நிரப்புகின்றன. திரைக்கதைப் பக்கங்கள், ஒவ்வொரு ஷாட்டின் பல டேக்குகள், தனியாகப் பதிவான ஒலி என்று ஒரு படப்பிடிப்பிலிருந்து எடிட்டர் மேசைக்கு வருவது போலவே வரும். முதலில் ஒலியையும் படத்தையும் கிளாப்பை வைத்து ஒத்திசைக்க வேண்டும், பெயரிட்டு அடுக்க வேண்டும், எல்லா டேக்கையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். உதவி எடிட்டராகச் சேர்ந்தால் முதலில் கொடுக்கப்படும் வேலையும் அதுதான். கையில் கொஞ்சம் பணம் மட்டுமே இருப்பவர் சந்தாவையும் டெம்ப்ளேட் தொகுப்பையும் விட்டுவிட்டு இப்படி ஒரே ஒரு காட்சித் தொகுப்பை வாங்கி, அதையே மூன்று விதமாக வெட்டிப் பார்க்கலாம்: காட்சியில் பேசும் இருவரில் ஒருமுறை அவள் பக்கம் நின்று, ஒருமுறை அவன் பக்கம் நின்று, ஒருமுறை பாதி வசனத்தை நீக்கிவிட்டு.

பணமே இல்லையா? ஆவணப்படத் தொகுப்புக்கு இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணையக் காப்பகம் பெரிய புதையல். அங்கே பிரெலிங்கர் தொகுப்பில் பழைய தொழிற்சாலைப் படங்களும் கல்விப் படங்களும் விளம்பரங்களும் கிடைக்கின்றன. பல பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்து ஆகிவிட்டவை. 2002-இல் அந்தப் பிலிம் சுருள்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது என்பதே அவற்றின் மதிப்பைச் சொல்லும். புதிய பின்னணி வர்ணனை ஒன்றை எழுதி, அந்தப் பழைய படங்களைக் கொண்டே அவை முதலில் சொன்னதற்கு எதிரான பொருளை வரவழைப்பது அருமையான பயிற்சி. நாசாவின் காட்சிகள் பொதுவாகப் பதிப்புரிமைக்கு உட்பட்டவை அல்ல. ஆனால் அதன் சின்னத்தையோ விண்வெளி வீரர்களின் முகத்தையோ விளம்பரம் போலப் பயன்படுத்தக் கூடாது. பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளின் அமைப்பு 2012-இல் வெளியிட்ட டியர்ஸ் ஆஃப் ஸ்டீல் குறும்படத்தின் கேமரா காட்சிகள், பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. நிறத்திருத்தமும் விஷுவல் எஃபெக்ட்ஸும் பழக அவை உகந்தவை. கோப்புகள் பெரியவை, இறக்கும் முன் வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று: இரண்டு நண்பர்களை எதிரெதிரே உட்கார வைத்து, ஒரு பக்க வசனத்தைக் கைபேசியில் மூன்று கோணங்களில், கோணத்துக்கு நான்கைந்து டேக் எடுப்பது. நடிப்பு சுமாராகத்தான் இருக்கும். சுமாரான நடிப்பைக் காப்பாற்றுவது எப்படி என்று எந்தப் பாடமும் இதைவிட நன்றாகச் சொல்லித்தராது.

இசையும் ஒலியும்: உரிமத்தைப் படிக்காமல் தொடாதீர்கள்

இலவச ஒலி என்றதும் கைக்குக் கிடைத்ததை இறக்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் ஒவ்வோர் உரிமம்: சிலவற்றுக்கு நிபந்தனையே இல்லை, சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், சிலவற்றை வணிகப் பயனுக்குத் தொடக் கூடாது. தேடும்போதே உரிமத்தை வைத்து வடிகட்டலாம். 2018-இல் 16,000-க்கும் மேற்பட்ட ஒலிகளைத் திறந்துவிட்ட பிபிசி தொகுப்பு கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் இலவச அனுமதி சொந்தப் பயன், கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்கே. வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் வேலையில் அதைச் சேர்த்தால் வம்பு.

படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. ஓர் இசையைப் படத்தோடு காலப்பொருத்தம் செய்து சேர்ப்பது, அந்த உரிமத்தின் கண்ணில் தழுவல் ஆகும். எனவே "மாற்றம் கூடாது" என்ற நிபந்தனையுள்ள பாட்டை ஒரு நொடி கூட வெட்டாமல் முழுதாகப் போட்டாலும் வீடியோவில் பயன்படுத்த முடியாது. "அதே உரிமத்தில் பகிர்" என்று இருந்தால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிவரும். எந்த வாடிக்கையாளரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். யூடியூபின் ஒலி நூலகம் இந்த வகையில் எளிது: பெயர் குறிப்பிடத் தேவையில்லாதவை, தேவையுள்ளவை என்று இரண்டே பிரிவு.

உரிமங்கள் மாறுவதும் உண்டு. பிக்ஸாபே 2019 வரை எந்த உரிமையையும் வைத்துக்கொள்ளாத கிரியேட்டிவ் காமன்ஸ் வகையைப் பின்பற்றியது, பிறகு தன் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டது. ஆகவே எதை இறக்கினாலும் அன்றைய உரிமப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த வேலையின் கோப்புறையிலேயே போட்டுவைப்பது நல்லது. யூடியூபின் தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடி வழியாகத் தவறான உரிமைக் கோரிக்கை வரும்போது வாதாடக் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

யார் பார்த்துச் சொல்வது?

குறை சொல்லும் ஆளை எந்தச் சேவையும் முழுதாக விற்றுவிட முடியாது. 2021-இல் அடோபி வாங்கிய ஃப்ரேம்.ஐஓ போன்ற கருவிகளில் பார்ப்பவர் நிறுத்தும் இடத்திலேயே குறிப்பு எழுதலாம், அது வசதி. அது இல்லையென்றால் திரை ஓரத்தில் டைம்கோடு (ஓடும் நேரத்தைக் காட்டும் எண்) தெரியும்படி பதித்து, பட்டியலில் தெரியாத யூடியூப் இணைப்பாக அனுப்பினாலும் வேலை நடக்கும். யாரிடம் அனுப்புவது என்பதுதான் கேள்வி. சக எடிட்டர்கள் நுட்பத்தைப் பார்ப்பார்கள், கண்ணை உறுத்தும் கட் எது என்று பார்ப்பார்கள். எடிட்டிங் தெரியாதவர்தான் எங்கே அலுத்துப்போனார் என்று சொல்வார். இரு வகையினரும் வேண்டும். கேட்கும் கேள்வியும் முக்கியம். "எப்படி இருக்கிறது?" என்றால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் கைபேசியைப் பார்க்கத் தோன்றியது? அவள் ஏன் எழுந்து போனாள் என்று புரிந்ததா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

அப்படியானால் தேர்வு எப்படி? புதிதாகத் தொடங்குபவர் ரிசால்வ் இலவசப் பதிப்பையும் அதன் தொடக்க நூலையும் எடுத்துக்கொண்டு, நூல் முடிந்ததும் நண்பர்களை வைத்து எடுத்த அந்த ஒரு பக்கக் காட்சிக்குப் போகலாம். யூடியூப் பக்கம் கேள்வியோடு மட்டும் போகட்டும். திருமண வீடியோ, சமூக ஊடக வீடியோ என்று ஏற்கெனவே வேலை செய்து, கதைப்படத்துக்கோ ஆவணப்படத்துக்கோ நகர நினைப்பவருக்கு மென்பொருள் பாடம் இனித் தேவையில்லை. கதைப்படம் என்றால் மூலக் காட்சித் தொகுப்பு, ஆவணப்படம் என்றால் கலையைப் பேசும் படிப்பு, பணம் அதற்கே. தொழிலில் இருந்துகொண்டு மென்பொருள் மட்டும் மாறுபவருக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். ரிசால்விலும் பிரீமியரிலும் மற்ற மென்பொருள்களின் விசை அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. பழகிய விசைகளை அதில் வைத்துக்கொண்டு, சிறிய வேலை ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை புதிய மென்பொருளில் முடித்தால், கையேட்டில் எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.